நாள் 366: நிபந்தனையும் மடக்கும் எண்ணும் சந்திக்கும் இடம்

நிரலாக்கம் கற்பிக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை முதல் சில அத்தியாயங்களை ஒரே வரிசையில்தான் அமைக்கின்றன. முதலில் தரவினங்கள்: முழு எண், மிதப்புப் புள்ளி எண் (தசமப் புள்ளி கொண்ட எண்) என்று ஓர் அட்டவணை. அடுத்து நிபந்தனைக் கூற்றுகள்: ‘இப்படி எனில் இதைச் செய், இல்லையெனில் அதைச் செய்’ என்று சொல்லும் இஃப், எல்ஸ். அதற்கடுத்து மடக்குகள், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும், பேச்சில் நாம் லூப் என்று சொல்பவை. அட்டவணையை மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார். இஃப், எல்ஸ் இரண்டையும் அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டதாக நினைக்கிறார். மடக்கு வந்ததும் நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரையத் தொடங்கிவிடுகிறார். வார இறுதிகளில் தொடக்கநிலை மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, இந்த மூன்றையும் தனித்தனி அறைகளில் அடைத்ததே சிக்கலின் வேர் என்று தோன்றுகிறது. தனியே பார்த்தால் மூன்றுமே எளியவை. ஆனால் ஒரு மடக்கு எப்போது நிற்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனை முடிவு செய்கிறது; அந்த நிபந்தனை ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறது; அந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து முடிவு சரியாகவோ தவறாகவோ அமைகிறது. பிழைகள் பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளில்தான் குடியிருக்கின்றன.

இதைக் காட்டுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நிரல் மிகச் சிறியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ஆப்பிளின் ஐபாடுக்குப் போட்டியாக, ஸூன் என்ற இசைக் கருவியை 2006 நவம்பரில் வெளியிட்டது. 30 ஜிபி கொள்ளளவு கொண்ட அந்த முதல் மாதிரி, 2008 டிசம்பர் 31 அன்று, தொடங்கும்போதே திரையில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஒன்றிரண்டு கருவிகள் அல்ல. அந்த மாதிரியில் அன்று இயக்கப்பட்டவை எல்லாம் இப்படித்தான் நின்றன. பின்னால் வந்த மாதிரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுவனம் சொன்ன தீர்வு வேடிக்கையானது: மின்கலம் முழுவதும் தீரும் வரை விட்டுவிடுங்கள், ஜனவரி 1 அன்று கிரீனிச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு மின்னேற்றி இயக்குங்கள். அப்படிச் செய்தவர்களின் கருவிகள் எந்தப் பழுதுபார்ப்பும் இல்லாமல் பழையபடி பாடின.

காரணம், கருவிக்குள் இருந்த கடிகாரச் சில்லுக்கான இயக்கி நிரலில் இருந்தது. அந்தக் கடிகாரம் தேதியை நாம் எழுதுவதுபோல் வைத்துக்கொள்ளவில்லை; 1980 ஜனவரி 1 ஐ முதல் நாளாகக் கொண்டு, இன்று எத்தனையாவது நாள் என்ற ஒரே முழு எண்ணை மட்டும் வைத்திருந்தது. அந்த எண்ணிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் பகுதியை, சி மொழியின் குறிகளை விட்டுவிட்டுத் தமிழில் எழுதினால் இவ்வாறு வரும்:

ஆண்டு = 1980
நாள் > 365 ஆக இருக்கும் வரை:
    ஆண்டு லீப் ஆண்டு எனில்:
        நாள் > 366 எனில்:
            நாள் = நாள் − 366
            ஆண்டு = ஆண்டு + 1
    இல்லையெனில்:
        நாள் = நாள் − 365
        ஆண்டு = ஆண்டு + 1

ஒருமுறை மேலோட்டமாகப் படித்தால் குறை எதுவும் கண்ணில் படாது. நாள் எண்ணிக்கை ஓர் ஆண்டை விட அதிகமாக இருக்கும் வரை, அந்தந்த ஆண்டுக்குரிய நாட்களைக் கழித்துக்கொண்டே வா. கழிக்கும்போதெல்லாம் ஆண்டை ஒன்று கூட்டு. மீதி நிற்பது நடப்பு ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். லீப் ஆண்டுக்கு 366 என்பதைக்கூட எழுதியவர் மறக்கவில்லை. நான் மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது, முதலில் பெரும்பாலோர் இல்லாத பிழைகளைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எனவே கணினியை மூடிவைத்துவிட்டு, தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் நாள், மற்றொன்றில் ஆண்டு என்று எழுதி, ஒவ்வொரு சுற்றாக ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 2008 டிசம்பர் 31 என்பது 1980 இலிருந்து 10,593 ஆவது நாள். 1980 முதல் 2007 வரை 28 ஆண்டுகள். அவற்றில் ஏழு லீப் ஆண்டுகள். ஆக 10,227 நாட்கள் கழிகின்றன. மடக்கு 28 முறை ஒழுங்காகச் சுற்றி முடித்த பிறகு, நாள் பத்தியில் 366 என்றும் ஆண்டுப் பத்தியில் 2008 என்றும் நிற்கின்றன. இப்போது மடக்கின் நிபந்தனையைக் கேளுங்கள்: 366 என்பது 365 ஐ விடப் பெரியதா? ஆம், எனவே உள்ளே போ. 2008 லீப் ஆண்டா? ஆம். 366 என்பது 366 ஐ விடப் பெரியதா? இல்லை. எனவே எதுவும் செய்யாமல் மேலே திரும்பு. 366 என்பது 365 ஐ விடப் பெரியதா? ஆம். தாளில் எழுதுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை என்பதை மாணவர் கவனிக்கும் அந்த இடத்தில்தான் முடிவில்லா மடக்கு என்பதன் பொருள் அவருக்கு உறைக்கிறது. கருவி பழுதாகவில்லை, தூங்கவும் இல்லை; ஒரே கேள்வியை ஒரே விடையோடு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் எண் 10,594 ஆனதும், மீதி 367 என்று வர, 366 கழிந்து, 2009 ஆம் ஆண்டின் 1 ஆவது நாள் என்று நிரல் சரியாக வெளியே வந்துவிட்டது. மின்கலம் தீரட்டும் என்று சொன்னதன் இரகசியம் இவ்வளவுதான்.

இதில் மடக்குகளைப் பற்றிய மிக முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது; பாடநூல்கள் அதை அழுத்திச் சொல்வதில்லை. மடக்கு ஒவ்வொரு முறை சுற்றும்போதும், நிறுத்தும் நிபந்தனையை நோக்கி ஏதோ ஒன்று நகர்ந்தே ஆக வேண்டும். எளிய மடக்கில் இது வெளிப்படையாகத் தெரியும். மடக்குக்குள் நிபந்தனைகள் நுழைந்துவிட்டால், உள்ளே போகும் வழி ஒன்றாக இருந்தாலும், உள்ளிருந்து மேலே திரும்பும் வழிகள் பலவாகிவிடுகின்றன. மேலே உள்ள நிரலில் அத்தகைய வழிகள் மூன்று: சாதாரண ஆண்டு; லீப் ஆண்டு, நாள் 366 ஐத் தாண்டியது; லீப் ஆண்டு, நாள் 366 ஐத் தாண்டாதது. முதல் இரண்டில் நாள் குறைகிறது. மூன்றாவது வழியில் எதுவும் குறையவில்லை, அதுவே பிழை. ஒரு மடக்கைப் படிக்கும்போது வரி வரியாகப் படிப்பதை விட, இப்படி வழி வழியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மாறி (நாள், ஆண்டு போல ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வது நல்ல பழக்கம். எழுதப்படாத எல்ஸ் ஒன்று ஒவ்வொரு இஃபுக்கும் பின்னால் இருக்கிறது. அதில் எதுவும் நடப்பதில்லை என்பதும் ஒரு முடிவுதான்.

பிழையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் மாணவர்கள் தரும் திருத்தங்கள் பிழையை விடச் சுவையானவை. உள்ளே இருக்கும் நிபந்தனையை ‘366 ஐ விடப் பெரியது அல்லது சமம்’ என்று மாற்றினால் போதும் என்பார் ஒருவர். ஓட்டிப் பாருங்கள்: 366 இலிருந்து 366 கழிந்து, 2009 ஆம் ஆண்டின் 0 ஆவது நாள் என்று வருகிறது. மடக்கு நிற்கிறது, கருவியும் இயங்கும். தேதி மட்டும் ஜனவரி 0. மடக்கின் மேல் வரியில் உள்ள 365 ஐ 366 ஆக்கலாம் என்பார் இன்னொருவர். அப்படிச் செய்தால் லீப் ஆண்டின் கடைசி நாள் சரியாகிவிடும். ஆனால் சாதாரண ஆண்டு முடிந்து வரும் ஒவ்வொரு புத்தாண்டு நாளும் பழைய ஆண்டின் 366 ஆவது நாளாக எண்ணப்படும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த பிழையை நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வரும் பிழையாக மாற்றிய பெருமை அவருக்கு. மூன்றாவது திருத்தம், உள் நிபந்தனைக்கு ஓர் இல்லையெனில் சேர்த்து, அதில் மடக்கை விட்டு வெளியேறச் சொல்வது. இது சரியாக வேலை செய்யும்.

சரியாக வேலை செய்தாலும் அதை நான் ஏற்பதில்லை. மடக்கின் தலையில் ‘நாள் 365 ஐ விடப் பெரியதாக இருக்கும் வரை’ என்று எழுதியிருப்பது உண்மையில் எழுதியவர் சொல்ல நினைத்தது அல்ல. அவர் நினைத்தது, ‘இந்த ஆண்டில் உள்ள நாட்களை விட அதிகமாக இருக்கும் வரை’ என்பது. அந்த எண் சில ஆண்டுகளில் 365, சில ஆண்டுகளில் 366. மாறும் ஒன்றை மாறாத எண்ணாகத் தலையில் எழுதிவிட்டு, உள்ளே வேறொரு நிபந்தனையால் அதைச் சமன் செய்யப் பார்த்ததுதான் சிக்கல். எனவே முடிவை ஒரே இடத்தில் எடுத்துவிடுவது நல்லது:

ஆண்டு = 1980
நீளம் = ஆண்டின் நாட்கள்
நாள் > நீளம் ஆக இருக்கும் வரை:
    நாள் = நாள் − நீளம்
    ஆண்டு = ஆண்டு + 1
    நீளம் = ஆண்டின் நாட்கள்

இப்போது மடக்குக்குள் ஒரே வழிதான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாள் குறைந்தது 365 குறைகிறது. எனவே மடக்கு என்றாவது நின்றே தீரும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. லீப் ஆண்டா, இல்லையா என்ற கேள்வி, ஆண்டின் நாட்களைச் சொல்லும் தனிச் செயற்கூறுக்கு, அதாவது அந்த ஒரு வேலைக்கென்றே பெயரிட்டுத் தனியே எழுதும் சிறு நிரலுக்கு, போய்விட்டது. நிபந்தனைகளைக் குறைக்கும் வழி தெரிந்தவரே நிபந்தனைகளை நன்றாக எழுதுகிறார் என்பது என் கருத்து.

அந்தத் தனிச் செயற்கூறும் தொடக்க வகுப்புக்கு ஏற்ற பாடம்தான். 4 ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100 ஆல் வகுபட்டால் அல்ல. அதிலும் 400 ஆல் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டு. விதியை நாம் சொல்லும் இந்த வரிசையிலேயே இஃப், எல்ஸ்-இஃப் தொடராக எழுதினால் தவறாகிவிடும். முதல் கேள்வி ‘4 ஆல் வகுபடுமா’ என்று இருந்தால், 1900 உம் 2100 உம் அங்கேயே ‘ஆம்’ என்று பதில் வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். 100 ஆல் வகுபடும் எந்த ஆண்டும் 100 ஐப் பற்றிய கேள்விக்கு உயிரோடு போய்ச் சேராது, ஏனெனில் 100 ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4 ஆலும் வகுபடும். எனவே குறுகிய கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: 400, பிறகு 100, பிறகு 4. நாம் பேசும்போது பொதுவிதியைச் சொல்லி விலக்கைப் பின்னால் சொல்கிறோம். எல்ஸ்-இஃப் தொடரில் விலக்கு முன்னால் வர வேண்டும்.

இந்தப் பிழை நீண்ட காலம் ஒளிந்திருக்க வல்லது. 2000 ஆம் ஆண்டு 400 ஆல் வகுபட்டதால், வெறும் 4 ஐ மட்டும் பார்க்கும் நிரலும் 1901 முதல் 2099 வரை எல்லா ஆண்டுக்கும் சரியான விடையே தரும். 1900 ஐப் பொறுத்தவரை புகழ்பெற்ற சான்று எக்செலில் இருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் 1900 ஐ லீப் ஆண்டாகக் கருதியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அதே பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றும் எக்செலில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றச் சொன்னால், நாட்காட்டியில் என்றுமே இல்லாத 1900 பிப்ரவரி 29 வரும்.

மேலே உள்ள நிரலை எழுதிப் பார்க்க விரும்புவோர் பத்துப் பதினைந்து எண்களை இஷ்டம்போல் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். அப்படிச் சோதித்ததால்தான் ஸூனின் பிழை கண்ணில் படாமல் தப்பித்தது என்று நினைக்கிறேன். நான்கு ஆண்டுகளில் வரும் 1,461 நாட்களில் ஒரே ஒரு நாளில்தான் அந்தப் பிழை வெளிப்படும். எல்லைகளைக் கொடுங்கள். 365 கொடுத்தால் 1980 டிசம்பர் 30 வர வேண்டும், 366 கொடுத்தால் டிசம்பர் 31, 367 கொடுத்தால் 1981 ஜனவரி 1. தொடங்கும் ஆண்டே லீப் ஆண்டு என்பதால், 366 என்ற ஒரே எண் போதும், பழைய நிரல் அங்கேயே உறைந்துவிடும். 10,593 வரை போக வேண்டிய தேவையே இல்லை. 44,196 கொடுத்தால் 2101 ஜனவரி 1 வர வேண்டும். 2100 டிசம்பர் 31 என்று வந்தால் 100 ஐப் பற்றிய விதி உங்கள் நிரலில் வேலை செய்யவில்லை.

இனி எண்ணுக்கு வருவோம். இதுவரை ‘நாள்’ என்பது பள்ளிக் கணக்கில் வரும் முழு எண் என்று எடுத்துக்கொண்டோம். கணினியில் அது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் இடங்களில், வைக்கப்பட்ட ஒன்று. எதிர்மறை எண்ணையும் ஏற்கும் 16 பிட் முழு எண்ணில் நாளை வைத்திருந்தால், அதன் உச்சம் 32,767. அது 2069 செப்டம்பர் 16. மறுநாள் ஒன்றைக் கூட்டினால், பெரும்பாலான கணினிகளில் அது −32,768 ஆகிவிடும். எதிர்மறை எண் 365 ஐ விடப் பெரியதல்ல. எனவே நாம் அழகாகத் திருத்திய மடக்கு ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், 1980 ஆம் ஆண்டு என்று விடை சொல்லும். நிபந்தனை சரி, மடக்கு சரி, விடை தவறு. தரவின அட்டவணையை நிபந்தனையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி நீண்ட காலம் கோலோச்சியது. நாம் எழுதும் சி நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் டாஸ் காலத்து நிரல்பெயர்ப்பியான அதில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். அதில் மதிப்பெண் விழுக்காடு கணக்கிடும் நிரல், எண் வகைகளைப் பற்றி எந்தச் சொற்பொழிவையும் விட நன்றாகப் பாடம் நடத்தும். 500 க்கு 437 எடுத்தவரின் விழுக்காட்டை 437 / 500 * 100 என்று எழுதினால் விடை 0. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி வெட்டப்பட்டுவிடும் என்பதால் 437 / 500 என்பதே 0 ஆகிவிடுகிறது. இதை அறிந்த மாணவர், முதலில் பெருக்கிவிடலாம் என்று 437 * 100 / 500 என்று மாற்றுகிறார். இப்போது விடை −43. 43,700 என்பது 32,767 ஐத் தாண்டிவிட்டதால் −21,836 ஆக உருண்டு, அதை 500 ஆல் வகுத்தபோது கிடைத்தது அது. தேர்ச்சி பெற்றாரா என்று பார்க்கும் இஃப், அவரைத் தோல்வி என்று அறிவித்துவிடும். அதே நிரலை இன்றைய 32 பிட் இன்டில் ஓட்டினால் 87 வரும்; பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் ஒற்றைச் சாய்கோடு போட்டு ஓட்டினால் 87.4 வரும். ஒரே கணக்கு, ஒரே வரி, மூன்று விடைகள்.

32 பிட்டின் உச்சம் 2,14,74,83,647. பெரிய எண்தான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணும் யூனிக்ஸ் கணக்கில் அது 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்புகிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கை எண்ணினால் 248 நாட்களிலேயே நிரம்பிவிடும். 2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம், போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் அவற்றுக்குள் உள்ள எண்ணி (கவுண்டர்) நிரம்பி வழிந்து, விமானம் மாறுதிசை மின்சாரம் முழுவதையும் இழக்கக்கூடும் என்று எச்சரித்து, அதற்குள் அணைத்து இயக்க உத்தரவிட்டது. இரண்டு எண்களும் பொருந்துவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம்.

பைத்தான் கற்பவர்களுக்கு இந்தத் தொல்லை நேரடியாக இல்லை. அங்கே முழு எண் தேவைக்கேற்ப வளர்கிறது. 2 இன் 1000 ஆம் அடுக்கைக் கேட்டால் 302 இலக்கங்களையும் தயங்காமல் அச்சிடும். தொடக்கநிலையில் அது வரம்தான், நானும் பைத்தானிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அதே மாணவர் சில மாதங்களில் பெரிய எண் வரிசைகளைக் கையாளும் நம்பை தொகுதிக்கோ, தரவுத்தள அட்டவணைக்கோ போகும்போது அங்கே 32 பிட்டும் 64 பிட்டும் காத்திருக்கின்றன.

மீதி காணும் செயலிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. −7 ஐ 3 ஆல் வகுத்தால் பைத்தானில் மீதி 2, சி மொழியில் −1. ஒற்றைப்படை எண்ணா என்று பார்க்க, ‘2 ஆல் வகுத்த மீதி 1 ஆ’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சி மொழியில் −3 க்கு மீதி −1 வருவதால், அந்த நிபந்தனை −3 ஐ இரட்டைப்படை என்று சொல்லிவிடும். ‘மீதி 0 இல்லாத வேறு எண்ணா’ என்று கேட்பதே இரண்டு மொழிகளிலும் பாதுகாப்பானது.

மிதப்புப் புள்ளி எண்கள் இன்னும் நுட்பமானவை. இங்கே மடக்கு நேரடியாகவே சிக்கிக்கொள்கிறது. பைத்தானில் 0 இலிருந்து தொடங்கி, 1 க்குச் சமம் ஆகாத வரை 0.1 ஐக் கூட்டிக்கொண்டே போகும் மடக்கு ஒன்றை எழுதிப் பாருங்கள். பத்துச் சுற்றில் நிற்க வேண்டிய அது நிற்பதே இல்லை. பத்தாவது சுற்றின் முடிவில் இருப்பது 0.9999999999999999, அது 1 அல்ல என்பதால் மடக்கு அதைக் கடந்து போய்விடுகிறது. பத்தை அடிப்படையாகக் கொண்ட நம் எண் முறையில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எவ்வளவு நீட்டினாலும் முழுமையாக எழுத முடியாததுபோல, இரண்டை அடிப்படையாகக் கொண்ட கணினியின் எண் முறையில் பத்தில் ஒரு பங்கை முழுமையாக எழுத முடியாது. நாம் 0.1 என்று எழுதும்போது கணினி தன்னிடம் உள்ள 53 பிட் துல்லியத்தில் அதற்கு மிக அருகில் உள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. 0.1 க்குப் பதிலாக 0.25 கூட்டினால் மடக்கு ஒழுங்காக நின்றுவிடும். நான்கில் ஒரு பங்கு கணினிக்கு முழுமையான எண். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினால், கணினி கணக்கில் தவறு செய்கிறது என்ற எண்ணம் மாணவரிடமிருந்து போய்விடும்.

இந்தச் சிறு குறை கூடிக்கூடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1991 வளைகுடாப் போரில் ஒரு கொடிய சான்று உண்டு. பிப்ரவரி 25 அன்று, சவுதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 வீரர்கள் இறந்தனர். அந்த அமைப்பு நேரத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்காக முழு எண்ணில் எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கையில் பிழை இல்லை. அதை விநாடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்கிய இடத்தில்தான், 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1 இருந்தது. ஒரு பெருக்கலில் அந்த வெட்டு ஒன்றுமில்லை. அமைப்போ சுமார் 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியிருந்தது. அதற்குள் பிழை 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும் என்பதால், அமைப்பு வானில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொடக்கநிலை மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை மிக எளியது: மடக்கை எண்ணுவதற்கு எப்போதும் முழு எண்ணையே பயன்படுத்த வேண்டும். 0 முதல் 10 வரை முழு எண்ணால் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அதை 10 ஆல் வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு விடையிலும் அதற்கே உரிய மிகச் சிறு விலகல்தான் இருக்கும். ஒரு சுற்றின் பிழை அடுத்த சுற்றுக்குச் சுமையாக ஏறாது. பணத்தையும் அப்படியே, ரூபாயில் தசமமாக அல்லாமல் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் ரூபாயாக மாற்றுவது நல்லது. 0.1 உம் 0.2 உம் சேர்ந்தது 0.3 ஆ என்று பைத்தானைக் கேட்டால் ‘இல்லை’ என்கிறது. பத்துப் பைசாவும் இருபது பைசாவும் முப்பது பைசாவா என்று கேட்டால் ‘ஆம்’ என்கிறது.

தசம எண்களை ஒப்பிட்டே ஆக வேண்டிய இடங்களில், சமமா என்று கேட்காமல், போதுமான அளவு நெருக்கமா என்று கேட்க வேண்டும். பைத்தானின் மேத் தொகுதியில் இதற்கென்றே இஸ்குளோஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது இரண்டு எண்களில் பெரியதன் அளவை வைத்து, நூறு கோடியில் ஒரு பங்கு வேறுபாடு வரை பொறுத்துக்கொள்ளும். ஒப்பிடும் எண்களில் ஒன்று 0 ஆக இருந்தால் இந்த அளவுகோல் உடைந்துவிடும்; 0 அல்லாத மற்றொரு எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேறுபாடு அந்த எண்ணின் முழு அளவுக்குச் சமமாகவே இருப்பதால், விடை எப்போதும் ‘இல்லை’ என்றே வரும். 0 ஐ நெருங்கியதும் நிற்க வேண்டிய மடக்கில் அந்தச் செயற்கூறை அப்படியே வைத்தால், மடக்கு நிற்காமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. அங்கே எவ்வளவு வேறுபாடு வரை சமம் என்று கொள்ளலாம் என்ற எல்லையை, தனி மதிப்பாக, நிரலாளர்தான் கொடுக்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டரா, ஒரு பைசாவா, விநாடியில் நூறில் ஒரு பங்கா என்பது அவர் எதை அளக்கிறார் என்பதைப் பொறுத்தது.